எண்பது மைல் தெற்கே

பாக்கியலெட்சுமி ஒருநாளும் கடலில் போனதில்லை. கொச்சிக்கடையில் அவள் வேலைபார்த்த கப்பல் முகவர் ஒபீஸின் மாடி ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரியும், தண்ணீர் தெரியாது. ஆனால் எட்டு வருடமாக வங்காள விரிகுடாவில் உண்டான ஒவ்வொரு தாழமுக்கமும் எந்த நாள் எங்கே நின்றது, கடைசியில் எங்கே கரையேறியது என்று கேட்டால், கொப்பியைத் திறக்காமலே பாதிக்கு மேல் சொல்லிவிடுவாள்.

ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இறங்கிவந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். உயர்தரத்தில் கணிதம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் போகவே, இருபத்தொரு வயதில் டெலெக்ஸ் அடிக்கும் வேலைக்கு அந்த ஒபீஸுக்கு வந்து சேர்ந்தாள். துறைமுகக் களஞ்சியமொன்றில் வேலைசெய்த பழனிமுத்துவைக் கட்டிக்கொண்டு, பிறந்த ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள்.

யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டதும் அந்தச் சிறிய ஒபீஸுக்கு வேலை கூடியது. வடக்குக்கு மாவும் சீனியும் மருந்தும் கப்பலில்தான் போகவேண்டியிருந்தது. கொழும்பில் புறப்படும் கப்பல் தெற்கே காலித் துறைமுகத்தைச் சுற்றி, மட்டக்களப்பையும் திருகோணமலையையும் தாண்டி, கிழக்குக் கரையோரமாக ஏறிப் பருத்தித்துறைக்குப் போகும். அங்கே ஒதுங்கி நிற்கத் துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளங்கள் வந்து மூட்டைகளை இறக்கும். சனத்துக்குப் பொருள் அதிகம் தட்டுப்பாடாவது கார்த்திகையிலும் மார்கழியிலும். புயல் வருவதும் அந்த இரண்டு மாதங்களில்தான்.

வெளிநாட்டு வானிலை நிலையமொன்று காலையிலும் பின்னேரமும் பெக்ஸில், அதாவது தொலைநகலில், எதிர்வுகூறல் அனுப்பும். தாழமுக்கம் இப்போது எந்த அகலாங்கு நெட்டாங்கில் நிற்கிறது, இருபத்துநாலு மணித்தியாலத்தில் எங்கே இருக்கும், நாற்பத்தெட்டில் எங்கே இருக்கும் என்று வரிசையாக எண்கள். எல்லாம் அவர்களுடைய கணினி மொடல் கணித்துச் சொல்பவை. அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்துக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். மேசை காலியாகக் கிடந்தது. பாக்கியம் தானாகவே போய் அதில் உட்கார்ந்து, கவராயத்தையும் அடிமட்டத்தையும் கையில் எடுத்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் செய்த ஒரு காரியம் மற்றவர்கள் செய்யாதது. எதிர்வுகூறிய இடத்தை நீலப் பென்சிலால் குறிப்பாள். இரண்டு நாள் கழித்துத் தாழமுக்கம் உண்மையில் நின்ற இடத்தைச் சிவப்பால் குறிப்பாள். இரண்டுக்கும் இடையில் எத்தனை மைல், எந்தத் திசை என்று ஒரு தடித்த கொப்பியில் எழுதிவைப்பாள். மூன்றாவது வருடத்தில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சிவப்புப் புள்ளி பெரும்பாலும் நீலப் புள்ளிக்குத் தெற்கே விழுந்துகொண்டிருந்தது. அந்த மொடல் புயலைத் தேவைக்கு மேல் வடக்கே தள்ளிச் சொல்கிறது. நாற்பத்தெட்டு மணித்தியாலக் கணிப்பில், சராசரியாக எண்பது மைல்.

முகாமையாளர் ஒஸ்வால்ட் ஒருகாலத்தில் கப்டனாகக் கப்பலோட்டியவர். பறங்கி இனத்தவர், ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் தமிழையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். அவள் கொப்பியைக் காட்டியபோது முதலில் சிரித்தார். அடுத்த புயல் எண்பது மைல் தெற்கே வந்து கரையேறியபோது சிரிப்பதை நிறுத்தினார். அதன்பிறகு பெக்ஸ் வந்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

“பாக்கியம், உங்கட இடம் எங்க?”

எதிர்வுகூறலிலிருந்து எண்பது மைல் கழித்து அவள் வைக்கும் புள்ளிக்கு அந்த ஒபீஸில் பெயர் ‘பாக்கியத்தின் இடம்’. அதைப் பார்த்துத்தான் ‘லோரெட்டா’வும் அவர்களுடைய மற்றக் கப்பல்களும் புறப்படும், காலியில் நிற்கும், திருகோணமலைக்குள் ஒதுங்கும். ஐந்து பருவங்கள் அந்தப் புள்ளி பிழையாகவில்லை. வெள்ளவத்தையில் கடை வைத்திருந்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு அனுப்பிய சவுந்தரநாயகம் என்ற வியாபாரி, மாடிப்படி ஏறிவந்து அவளுடைய மேசையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் மூட்டைகளை ஏற்றச் சொல்வார்.

தொண்ணூறுகள் முடியப்போகும் ஒரு வருடத்தின் ஆவணி மாதத்தில், பெக்ஸின் தலைப்பில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. புரட்டாதி தொடக்கம் தாங்கள் மேம்படுத்தப்பட்ட மொடலைப் பயன்படுத்தப்போவதாக அந்த நிலையம் அறிவித்திருந்தது. கணிப்புக்காகக் கடலைப் பிரிக்கும் கட்டங்கள் முன்னையதைவிட நெருக்கமானவை, செய்மதித் தகவல் முன்னையதைவிட அதிகம், ஆகவே பிழையின் தன்மை முந்திய பருவங்களைப்போல இராமல் போகலாம் என்று கடைசி வரி சொன்னது. பாக்கியம் அதை வாசித்தாள். நல்ல செய்திதானே என்று நினைத்து, துளைபோட்டுக் கோப்பில் கட்டிவைத்தாள். கடைசி வரியில் அவள் மனம் நிற்கவில்லை.

அந்த வருடக் கார்த்திகையில் முதல் தாழமுக்கம் கிளம்பியது. லோரெட்டா மாவும் சீனியும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை வாசலில் நின்றது. சூறாவளி நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் கரையேறும் என்றது பெக்ஸ். பாக்கியம் வழக்கம்போல எண்பது மைல் தெற்கே இறங்கினாள். கவராயத்தின் முனை கல்குடாவுக்குக் கிட்ட வந்து நின்றது.

அந்தப் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. முல்லைத்தீவு என்றால் கப்பல் அசையக்கூடாது. கல்குடா என்றால் புயல் கப்பலுக்குத் தெற்கே, முதுகுப்பக்கமாகக் கடந்துபோய்விடும். வடக்கே ஏறிப் பருத்தித்துறையில் சரக்கை இறக்கத் தடையில்லை. ஒஸ்வால்ட் புள்ளியைப் பார்த்தார், வானொலியில் கப்பலைக் கூப்பிட்டு வடக்கே போகச் சொன்னார்.

புயல் பெக்ஸில் சொன்னபடியே முல்லைத்தீவில் ஏறியது. பருத்தித்துறைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்ற லோரெட்டா, அதன் மிக மோசமான பக்கத்தில் அகப்பட்டது. நங்கூரச் சங்கிலி அறுந்தது. இரண்டு நாள் கப்பலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் வானொலியில் குரல் வந்தபோது, கப்பலில் இருந்த பதினான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னது. சரக்கில் முக்கால்வாசி நனைந்துவிட்டது. சமையற்காரர் ஸவாஹிரின் இடது கை இரும்புக் கதவில் அகப்பட்டு நசுங்கியிருந்தது.

அன்றைக்கு ஒஸ்வால்ட் கப்பல் அடிபட்டது பற்றிய அறிக்கையைச் சொல்லச் சொல்ல, பாக்கியம் தட்டச்சில் அடித்துக்கொண்டிருந்தாள். ‘எதிர்பாராத விதமாகப் புயல் திசை மாறியதால்’ என்று அவர் சொன்னதும் அவளுடைய விரல்கள் நின்றன.

“புயல் திசை மாறல சேர்,” என்றாள். “நாமதான் மாத்தினோம்.”

ஒஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், கடலில் இதெல்லாம் நடப்பதுதான் என்றும், எட்டு வருடத்தில் ஒருதரம் பிழையாகிப்போனதற்காகக் கொப்பியைத் தூக்கி எறிய முடியாதென்றும் சொன்னார். அவள் கோப்பிலிருந்து ஆவணி மாதத்து அறிவித்தலைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். கொப்பியில் பிழையில்லை, ஆனால் அது பழைய மொடலின் பிழைகளை எழுதிய கொப்பி. அந்த மொடல் இப்போது இல்லை. ஒருவருடைய நோய்க்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினாள். ஆவணியிலேயே இதை யோசிக்காதது தன் பிழை என்றும் சொன்னாள். அறிக்கையில் அந்த வரியை அவள் தட்டச்சுச் செய்யவில்லை. ஒஸ்வால்ட் கடைசியில், எதிர்வுகூறலுக்கு ஒபீஸில் செய்த திருத்தம் பொருந்தவில்லை என்று எழுதச் சொன்னார்.

ஸவாஹிரைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பாக்கியம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனாள். அவர் கொம்பனித்தெருக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவளைக் கண்டதும் எழும்ப முயன்று, ஒன்றுமில்லை தங்கச்சி, உயிர் மிச்சம் என்றார். கட்டிலோரத்தில் இருந்த மனைவி உம்மு குல்தூம் அப்படி விடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே கேட்டாள்.

“வெளிநாட்டுக் கடதாசில சரியான எடம் போட்டிருந்திச்சாமே. மெய்யா?”

“மெய்தான்,” என்றாள் பாக்கியம். “நான்தான் மாத்தி வச்சேன்.”

உம்மு குல்தூம் திட்டவில்லை. கொண்டுவந்த பழத்தை வாங்கி மேசையில் வைத்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியைத் திறந்து, கடைசிப் பழைய புயலுக்குக் கீழே ஒரு தடித்த கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே புதிய மொடலின் முதல் புயலை எழுதினாள். மேலே பதினான்கு புயல், கீழே ஒன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு விதியும் சொல்ல முடியாது. இன்னும் பதினான்கு புயல் வரும்வரை காத்திருப்பதென்றால் ஏழெட்டு வருடம் வேண்டும். அதுவரை ஆட்களைக் கண்ணைக் கட்டிக் கடலுக்கு அனுப்ப அவளால் முடியாது.

பழனிமுத்து, இந்த மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் பழையபடி தட்டச்சு வேலையோடு நில் என்று சொல்லிப்பார்த்தார். அவள் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுப் பதில் சொன்னாள்.

“வேற யாரு உட்கார்ந்தாலும் எண்பது மைலத்தான் கழிப்பாங்க. அத எழுதினவ நான். நான்தான் நிப்பாட்டணும்.”

அடுத்த நாள் அந்த வானிலை நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தரம் திருத்தினாள். கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பதினான்கு பழைய புயல்களை உங்கள் புதிய மொடலிடம் அன்றைய தகவலோடு கொடுத்திருந்தால், அது எங்கே, எப்போது என்று சொல்லியிருக்கும்?

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. புதிய மொடலைச் சோதிப்பதற்காகப் பழைய புயல்கள் பலவற்றைத் தாங்கள் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பதாகவும், அவளுடைய பட்டியலில் ஒன்பது அதில் உண்டென்றும் எழுதி, அட்டவணையையும் இணைத்திருந்தார்கள். கீழே ஒரு வேண்டுகோளும் இருந்தது. யுத்தம் தொடங்கியபின் இலங்கையின் வடகிழக்குக் கரையிலிருந்து தங்களுக்கு அவதானிப்புகள் வருவதே அரிது. அந்தப் புயல்கள் உண்மையில் எங்கே கரையேறின என்பதே செய்மதிப் படத்தைப் பார்த்துச் செய்த அனுமானம்தான். உங்கள் கப்பல்களில் அமுக்கமானி அளவுகள் எழுதியிருந்தால் அனுப்ப முடியுமா?

இதை வாசித்துவிட்டுப் பாக்கியம் கொப்பியைத் திறந்தாள். அவள் சிவப்பால் குறித்த புள்ளிகள் அவர்கள் அனுப்பியவைதான். அந்தச் சிவப்பும் முழு உண்மையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கப்பல்களின் பழைய நாட்குறிப்புகள் கீழ்மாடிக் களஞ்சியத்தில் கயிறு கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்த் தூசி தட்டிப் புரட்டினாள். புயல் நாட்களில் கப்டன்மார் மணிக்கொருதரம் எழுதிய அமுக்கத்தையும், அந்நேரம் கப்பல் நின்ற இடத்தையும் வரி வரியாகப் பிரதிபண்ணினாள். பதினொரு பக்கம் வந்தது. ஒஸ்வால்டிடம் காட்டிக் கையொப்பம் வாங்கித் தபாலில் சேர்த்தாள்.

ஒன்பதாம் நாள் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேர் ஒபீஸுக்கு வந்து அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். யாழ்ப்பாணம் போகும் கப்பல்கள் எங்கெங்கே நின்றன என்ற பட்டியலை ஒரு தமிழ்ப்பெண் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். தபாலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதில் தெரிந்தது அதுதான்.

விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். பின்னேரம் விட்டுவிட்டு, நாளைக்கும் வா என்றார்கள். இப்படி நாலு நாள். காலையில் போனால் சுவரோரத்து நீண்ட மரவாங்கில் உட்காரவேண்டும். பின்னேரம் பெயரைக் கூப்பிட்டு, போகலாம் என்பார்கள். பழனிமுத்து லீவு போட்டுவிட்டுத் தெருவுக்கு எதிர்ப்புறத்தில் வெயிலில் நின்றார். ஒஸ்வால்ட் இரண்டு தரம் வந்து, கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்குப் பயமில்லை என்று சொல்ல முடியாது. அந்த வாங்கில் இருந்த மற்றப் பெண்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

நாலாம் நாள் ஓர் அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டார். பதினொரு பக்கமும் அவருடைய மேசையில் விரிந்து கிடந்தது. பேச்சு சிங்களத்தில் நடந்தது. துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. வெளிநாட்டுக்காரனுக்கு நம்முடைய கப்பல் நின்ற இடம் எதற்கு என்று அவர் கேட்டார்.

“புயல் எங்க கரையேறிச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது சேர். அங்க பார்த்துச் சொல்ல ஆளில்ல. எங்க கப்பல் மட்டும்தான் பார்த்திச்சு.”

“அதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறார்கள்?”

“அடுத்த புயல் எங்க வரும்னு சரியாச் சொல்லுவாங்க. அது யாழ்ப்பாணம் போற கப்பலுக்கு மட்டும் இல்ல. திருகோணமலையில நிக்கிற உங்க நேவி ஆளுங்களுக்கும்தான்.”

அவர் வரைபடமொன்றைக் கொண்டுவரச் செய்து, ஒரு பக்கத்திலிருந்த புள்ளிகளை வைத்துக் காட்டு என்றார். அவள் வைத்தாள். அமுக்கம் எந்த மணிக்கு ஆகக் கீழே இறங்கியது, அப்படியென்றால் புயலின் நடு எந்தப் பக்கத்தால் போனது என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய பயணங்கள், அந்தக் கப்பல்களில் ஒன்றை விற்றும் ஆகிவிட்டது என்பதையும் சொன்னாள். அவர் வேறெங்கோ தொலைபேசியில் பேசினார். பிறகு ஒரு கறுப்புப் பேனையை நீட்டி, கப்பல்களின் பெயர்களையும் நேரங்களையும் அடித்து மறைத்துவிட்டால் அனுப்பலாம் என்றார்.

பெயர்களை அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். நேரத்துக்கு வந்ததும் பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

“நேரம் இல்லாட்டி இது வெறும் எண் சேர். அதுக்கு அனுப்பாமலே விடலாம்.”

அதிகாரி பேனையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். இன்னும் நாலு நாள் வாங்கில் உட்காரவேண்டி வரும் என்றே பாக்கியம் நினைத்தாள். ஆனால் அவர் பக்கங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, உறையில் போட்டுக்கொடுத்தார். வெளியே பழனிமுத்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் நேரே தபாற்கந்தோருக்கு நடந்தார்கள்.

அதன்பிறகுதான் அவள் ஒன்பது புயல்களின் அட்டவணையில் உட்கார்ந்தாள். புதிய மொடல் இடத்தைக் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லியிருந்தது. பிழை சிலவேளை வடக்கே, சிலவேளை தெற்கே, பதினைந்து இருபது மைலுக்குள். எண்பது மைல் தெற்கே என்ற பழைய சாய்வு துளிகூட இல்லை. அப்படியென்றால் இந்த மொடல் பிழைவிடுவதே இல்லையா? அவளால் அதை நம்ப முடியவில்லை. மூன்று வாரமாக ஒவ்வொரு பின்னேரமும் எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடத்தை விட்டு நேரத்தைப் பார்த்தபோது அகப்பட்டது. ஒன்பதில் ஏழு, சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்திருந்தன. சில ஐந்து மணித்தியாலம், சில எட்டு, ஒன்று ஒன்பது. பழைய மொடல் இடத்தில் தவறியது. புதியது நேரத்தில் தவறுகிறது.

எத்தனை மணித்தியாலம் கழிக்கவேண்டும் என்று ஒஸ்வால்ட் கேட்டார். ஒன்பதை வைத்துக்கொண்டு எண் சொல்லமாட்டேன் என்றாள். முந்தி வரக்கூடும், ஒன்பது மணித்தியாலம் வரைக்கும் முந்தலாம் என்று மட்டும் எழுதி, வரைபடத்துக்கு மேலே ஒட்டினாள். இனிமேல் ‘பாக்கியத்தின் இடம்’ என்று யாரும் சொல்லக்கூடாது என்பதும் அவள் அன்றைக்கே சொன்னதுதான்.

அடுத்த மார்கழியில் லோரெட்டா காலித் துறைமுகத்தில் நின்றது. நங்கூரச் சங்கிலி புதிது. சரக்கில் பாதி குழந்தைப் பால்மா. சூறாவளி மறுநாள் இரவு ஒன்பது மணிக்குக் கல்குடா பக்கத்தில் கரையேறும் என்று பெக்ஸ் சொன்னது. சவுந்தரநாயகம் பஸ்ஸில் கொச்சிக்கடைக்கு வந்து, மூச்சு வாங்க மாடியேறினார். அவருடைய தங்கச்சியின் குடும்பம் கரவெட்டியில் இருந்தது. அங்கே பால்மா கிடைத்து எத்தனை நாளாயிற்று என்பது அவருக்குக் கடிதத்தில் தெரிந்திருந்தது. அவருடைய கணக்கு நேரானது. இன்று பின்னேரம் மூன்று மணிக்குப் புறப்பட்டால் நாளை முற்பகல் பதினொன்றரைக்குக் கப்பல் கல்குடாவைத் தாண்டிவிடும், ஐந்து மணிக்குத் திருகோணமலைக்குள் நுழைந்துவிடும். புயல் வர நாலு மணித்தியாலம் மிச்சம். இன்றைக்குப் போகாவிட்டால் அரசாங்கம் கொடுத்த பயண அனுமதி கைவிட்டுப்போகும். அடுத்தது எப்போது கிடைக்குமோ தெரியாது.

ஒஸ்வால்டும் அந்தப் பக்கம் சாய்ந்தார். போன வருடம் பெக்ஸை நம்பாததால் அடிபட்டோம், இந்த வருடம் நம்பித்தான் பார்ப்போமே என்றார்.

“இடத்த நம்புறேன் சேர்,” என்றாள் பாக்கியம். “நேரத்த நம்பல. ஒன்பது மணித்தியாலம் முந்தினா மத்தியானம் பன்னெண்டு. கப்பல் அப்ப கல்குடாவுக்கு முன்னால நிக்கும்.”

“முந்தாட்டி?” என்று கேட்டார் சவுந்தரநாயகம். “ரெண்டு புயல் முந்தேல்ல எண்டு நீர்தானே சொன்னனீர். இது மூண்டாவதா இருந்தா? அங்க பிள்ளையள் பால் இல்லாம இருக்குதுகள்.”

தெரியாததை அவள் மறைக்கவில்லை. ஏழு தரம் முந்தியது, இரண்டு தரம் முந்தவில்லை, இதற்கு மேல் தனக்குத் தெரியாது. ஆனால் ஒன்பதில் ஏழு ஆபத்து இருக்கும்போது பதினான்கு பேரை அனுப்பும் கடதாசியில் தன் கையொப்பம் வராது என்றாள். குரல் உயரவில்லை. வானொலியைப் போட்டுக் கேட்கிற சத்தம் கீழே வீதியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒஸ்வால்ட் வரைபடத்துக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காலிக்குத் தொலைபேசி எடுத்து, கப்பல் நிற்கட்டும் என்றார். சவுந்தரநாயகம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பாக்கியம் ஒபீஸில் இருந்தாள். பத்து மணி வரை கிழக்குக் கரையில் பெரிதாக ஒன்றுமில்லை என்றே செய்தி வந்தது. அந்த மூன்று மணித்தியாலம் அவளுக்கு நாலு நாள் வாங்கில் இருந்ததைவிடப் பாரமாக இருந்தது. பதினொரு மணிக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பின்னேரப் பெக்ஸ் வந்தபோதுதான் திட்டமாகத் தெரிந்தது: சூறாவளி கல்குடாவுக்குப் பன்னிரண்டு மைல் வடக்கே, பகல் ஒரு மணிக்குக் கரையேறியிருந்தது. சொன்ன நேரத்துக்கு எட்டு மணித்தியாலம் முந்தி.

ஒஸ்வால்ட் அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எழும்பிப் போய், தன் கையாலேயே தேநீர் ஊற்றி அவளுடைய மேசையில் கொண்டுவந்து வைத்தார். அவள் கொப்பியில் கோட்டுக்குக் கீழே இரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

பால்மா பதினாறு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பதினாறு நாளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது என்று சவுந்தரநாயகம் பிறகொருநாள் சொன்னபோது அவள் ஆமோதித்தாள். ஆனால் அவர் வேறு முகவரிடம் போகவில்லை. ஸவாஹிரும் மாசியில் வேலைக்குத் திரும்பினார். கப்பலுக்கு அல்ல, கரையில், களஞ்சியத்துக்குப் பொறுப்பாக. நாட்குறிப்புகளின் தூசியைத் தட்டி வருட வாரியாக அடுக்கிவைத்தது அவர்தான். உம்மு குல்தூம் நோன்புப் பெருநாளுக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள்.

சித்திரை முடிய அந்த வானிலை நிலையத்திலிருந்து தடித்த உறையொன்று வந்தது. அவள் அனுப்பிய அமுக்க அளவுகளை வைத்துப் பழைய புயல்களைத் திரும்பக் கணித்ததில், ஒன்று கரையேறிய இடத்தை இருபத்திரண்டு மைல் நகர்த்திப் பதிவைத் திருத்தியிருப்பதாக எழுதியிருந்தார்கள். பெயர் கறுப்பால் மறைக்கப்பட்ட கப்பல்களின் கப்டன்மாருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பாக்கியம் அதைச் சத்தமாக வாசித்துக்காட்ட, ஒஸ்வால்டும் ஸவாஹிரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் இன்னுமொரு விடயம் இருந்தது. வருகிற புரட்டாதியில் மொடலை மறுபடியும் மேம்படுத்தப்போகிறார்கள்.

இந்தத் தடவை அவள் கடைசி வரியை முதலில் வாசித்தாள். அன்றே பதில் எழுதினாள்: புதியதை ஓட்டிப் பார்த்த பழைய புயல்களின் அட்டவணை, பருவம் தொடங்குமுன் எங்களுக்கு வேண்டும். அட்டவணை வரும்வரை திருத்தம் எதுவும் செய்வதில்லை, சந்தேகமான நாளில் கப்பலை விடுவதுமில்லை என்று ஒஸ்வால்டிடம் எழுத்திலேயே வாங்கிக்கொண்டாள். சவுந்தரநாயகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

அவருக்குச் சலிப்புத் தட்டியது. “அப்ப திரும்பவும் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லப்போறீர்?”

“ஆமாங்க ஐயா,” என்றாள் பாக்கியம். “தெரியிற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே தொலைபேசியை வைத்தார். ஆனால் அந்த வருடம் கார்த்திகைக்குக் காத்திருக்கவில்லை. புரட்டாதிக் கடைசியிலேயே, கடல் அமைதியாகக் கிடந்தபோது, இரண்டு கப்பல் நிறையப் பால்மாவும் மாவும் பருத்தித்துறைக்குப் போய் இறங்கின.